கூரை மடக்கும் மொரிஸ் மைனர்: திருகோணமலையில் வாங்குவதற்கு முன் எதை, எப்படிப் பார்ப்பது

புதுப் பெயின்ற், புது சீற், பளபளக்கும் பம்பர். திருத்தி விற்பனைக்கு விட்ட பழைய திறந்த காரில் முதலில் கண்ணில் படுவது இவைதான். முழுத் திருத்த வேலையில் சுலபமான பகுதியும் இவைதான். காசையும் நேரத்தையும் தின்னும் வேலை காலுக்கடியில், கதவுக்குக் கீழே, வெளியில் தெரியாத தகரத்தில் நடக்கிறது. அங்கே வேலை நடந்ததா, அல்லது மேலே மெழுகிவிட்டார்களா என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவரின் முதல் வேலை.

மூடியுள்ள பிஸ்கற் ரின்னை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் வளையும். சாதாரண மொரிஸ் மைனரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்குகிறது. கூரை மடக்கும் காரில் அந்தப் பாரம் முழுவதும் தளத்திலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பக்கச் சட்டத்திலும் இறங்குகிறது. இந்தச் சட்டத்தைக் கராஜ்களில் 'சில்' என்பார்கள், சக்கரத்தைச் சொல்லும் சில்லு வேறு. இதில் கறள் ஏறினால் கூரையுள்ள காருக்கு அது ஒரு வருத்தம். கூரையில்லாத கார் நடுவில் தொய்யத் தொடங்கிவிடும்.

எந்த மைனர் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. திறந்த வடிவம் தொடக்கம் முதலே இருந்தது, 1969இல் நின்றது. முதலில் 918 சீசீ, 1952 தொடக்கம் 803, 1956 தொடக்கம் 948, 1962 தொடக்கம் 1098 என்று எஞ்சின் மாறியது. முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956க்கு முந்திய உடல். பக்கத் தூணிலிருந்து எழும்பும் கைகாட்டி சமிக்ஞை 1961 வரை வந்தது. அடிக்கடி ஓட்டுவதற்கென்றால் 1098ஐத் தேடுவதே நல்லது. மற்றவற்றின் முன் பிறேக் டிரம் 7 அங்குலம், இதில் 8 அங்குலம். கியர்பெட்டியும் உறுதியானது. 803 அழகான கார்தான். ஆனால் கந்தளாய் வீதியில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டே பயணம் முடியும்.

அடுத்தது, அது பிறப்பிலேயே திறந்த காரா, அல்லது பிறகு கூரை வெட்டியதா என்ற கேள்வி. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் ஒரு தகடு இருக்கும். முந்திய கார்களில் சசி இலக்கம் எஃப்.சி. என்று தொடங்கினால் திறந்த கார். எஃப்.பி. என்றால் இரண்டு கதவு மூடிய கார், எஃப்.ஏ. என்றால் நான்கு கதவு. பிந்தியவற்றில் எம்.ஏ.ரி. என்று இருக்க வேண்டும். எம்.ஏ.2எஸ். என்று கண்டால் அது மூடிய காராகப் பிறந்தது. தகட்டைக் கழற்றி வேறு காரில் பூட்டலாம் என்பதால் அதோடு நிற்க வேண்டாம். டாஷ்போட்டுக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் ரோச் அடித்துப் பாருங்கள். கதவுத் தூணையும் தடுப்புச் சுவரையும் இணைக்கும் தடித்த முக்கோணத் தகடு தெரிய வேண்டும். சில் சட்டத்தின் உட்பக்கத்திலும் மேலதிகத் தகடு ஓட வேண்டும். மூடிய காரில் இவை கிடையாது. கூரை வெட்டியவர் இவற்றைச் சேர்த்திருந்தால் கார் ஓடத் தகுந்ததுதான், விலை மட்டும் அதற்கேற்றபடி குறைய வேண்டும். சேர்க்காமல் வெட்டியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: துணி சுற்றிய சிறு காந்தம், நல்ல ரோச், மழுங்கிய ஸ்குரூ டிரைவர், மில்லிமீற்றர் அளவுகோல், நிலத்தில் படுக்க ஒரு பாய், ஜாக், இரண்டு தாங்கு கட்டைகள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்ட வேண்டாம். கார் நிற்கும் இடம் சீமெந்துத் தரையாக இருக்கட்டும். உப்புவெளி மணலில் ஜாக் புதையும்.

கதவு இடைவெளிச் சோதனைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வேறெதைப் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இதை விடக்கூடாது. கதவை மூடி, அதன் பின்விளிம்புக்கும் தூணுக்கும் இடையே மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு முன் சீற்றில் பெரியவர்கள் இருவரை இருத்தி மறுபடி அளந்து பாருங்கள். கார் நடுவில் தொய்ந்தால் மேல் இடைவெளி ஒடுங்கும். அடுத்து, கதவுக்கு நேர் கீழே சில் ஓரத்திலுள்ள ஜாக் துளையில் ஜாக்கைப் பூட்டி ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். மைனரில் இப்படித் தூக்கினால் அந்தப் பக்கத்து முன் சில்லும் பின் சில்லும் சேர்ந்து எழும்பும். இப்போது இரண்டு முனையும் கீழே இழுப்பதால் மேல் இடைவெளி விரியப் பார்க்கும். தூக்கிய நிலையிலேயே கதவைத் திறந்து மூடுங்கள். அளவு ஒரு மில்லிமீற்றர் அளவில் மாறி, கதவு வழமைபோல் 'டக்' என்று மூடினால் உடல் நல்லது. மூன்று மில்லிமீற்றருக்கு மேல் மாறினாலோ, பூட்டு நாக்கு தூணில் முட்டினாலோ சில் சட்டத்துக்குள் தகரம் மிச்சமில்லை. ஜாக் ஏறும்போது 'கறுக்' என்ற சத்தம் கேட்டு, கார் எழும்பாமல் ஜாக் மட்டும் உள்ளே ஏறினால் உடனே இறக்கிவிடுங்கள். சீற்றுக்கடியில் குறுக்காக ஓடும் சட்டம் உக்கிவிட்டது என்று அர்த்தம். முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே இது உக்கினால் உடலும் போகும், முன் சஸ்பென்ஷனும் போகும்.

சில் ஒரே தகரம் அல்ல. வெளித்தகடு, உட்தகடு, இடையில் பெட்டியாக்கும் தகடு, மேலே கால் வைக்கும் தகடு என்று அடுக்கடுக்காக வருகிறது. வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டிப் பெயின்ற் அடித்தால் வெளியிலிருந்து குறை சொல்ல முடியாது. உள்ளே கால் விரிப்பைத் தூக்கி, ஓரத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'ணங்' என்று பதில் சொல்லும். உக்கியதும், ஓட்டையை மறைக்கப் பட்டி என்ற களிம்பு நிரப்பியதும் 'தொப்' என்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் காந்தத்தை வையுங்கள். பட்டி தடித்த இடத்தில் அது வழுக்கி விழும். இதே சோதனையை முன் மட்கார்டின் பின்பகுதியில், கதவின் அடிவிளிம்பில், பின் சில்லு வளைவில், டிக்கித் தளத்தில், பின் வில்தகட்டின் முன்முனை பூட்டும் இடத்தில் செய்யுங்கள். வில்தகட்டு முனை உக்கியிருந்தால் பின் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து கார் நேராக ஓடாது.

அடியில் படுத்துப் பார்க்கும்போது புதிதாகப் பூசிய கறுப்புத் தார் தடிப்பாகத் தெரிந்தால் ஐயப்படுங்கள். தார் நல்ல பாதுகாப்புத்தான், ஆனால் கறளுக்கு மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துவிடும். நல்ல வேலை செய்தவர் பெயின்றுக்கு முன் வெறும் தகரமாக நின்ற காரைப் படம் எடுத்து வைத்திருப்பார். அதைக் கேளுங்கள். குறுக்குச் சட்டத்தின் படமும் சில் உட்பக்கத்தின் படமும் இருந்தால், இதுவரை சொன்ன பயத்தில் பாதி நீங்கும்.

திருமலையில் இவ்வளவு கவலைப்படக் காரணம் காற்று. கடலுப்பு தகரத்தில் படிந்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழையே இல்லாத நாளிலும் இரவில் அந்த இடம் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனையும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நிலாவெளிக் கரையோரம் நின்ற காருக்கும், அதே காலத்தில் கந்தளாயில் நின்ற காருக்கும் அடிப்பக்கத்தில் வித்தியாசம் தெரியும். எனவே கார் கடைசி ஐந்து வருடம் எங்கே நின்றது என்று விற்பவரிடம் கேளுங்கள். திருத்தி எத்தனை வருடம் என்பதை விட இது முக்கியமான கேள்வி.

அடுத்தது முன் சில்லுகள். மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றும் மேலும் கீழும் மரை வெட்டிய சுழல்முனைகளில் நிற்கிறது. இவற்றை 'ட்ரனியன்' என்பார்கள். காரைத் திருப்பும்போது இந்த மரை சுழல்கிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கீழ்முனை கழன்று சில்லு உட்பக்கமாக மடங்கும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும் வேளையில் நடப்பதால் உயிர் தப்பும், மட்கார்ட் தப்பாது. சோதிக்க, சில்லை நிலத்திலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிறேக்கை மிதித்தபடி இருக்கட்டும். பிறேக் மிதித்தும் ஆட்டம் இருந்தால் பெயறிங் அல்ல, சுழல்முனை தேய்ந்திருக்கிறது. கிறீஸ் முலைகளைத் துடைத்துப் பாருங்கள். பெயின்ற் மூடியிருந்தால், திருத்திய நாளிலிருந்து ஒருவரும் கிறீஸ் அடிக்கவில்லை.

பிறேக் எண்ணெய் சிலிண்டர் சாரதியின் காலுக்கடியில், தளத்துக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். அங்கே ஈரம் இருக்கக் கூடாது. பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் சிலிண்டர் இறப்பர் போய்விட்டது. சாமான் மலிவு. ஆனால் அதன் போல்ற்றை இழுக்க முறுக்குக் கம்பி மறிப்பதால் கூலி கூடும், இதை விலை பேசும்போது சொல்லுங்கள். பெடல் இரண்டாம் மிதியில்தான் உயர்ந்தால் பெரிய குறை அல்ல. முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் சில்லில் ஒன்று என்று உள்ள திருகிகளைச் சரிசெய்தால் போதும். எல்லாச் சில்லுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை என்பதை மறக்க வேண்டாம். ஒரு குழாய் வெடித்தால் கைப் பிறேக் மட்டுமே மிஞ்சும். எனவே கைப் பிறேக்கையும் சரிவில் நிறுத்திப் பாருங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே பொனற் சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதலில் சாவியை மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். எஸ்.யூ. என்ற கம்பனியின் பெற்றோல் பம்ப் சில தடவை 'டிக் டிக்' என்று அடித்து நிற்க வேண்டும். எஞ்சின் ஓடாமலே அடித்துக்கொண்டிருந்தால் காபறேற்றர் ஊசி பெற்றோலை விடுகிறது, அல்லது குழாய் காற்றை இழுக்கிறது. ஒயில் மூடியின் உட்பக்கத்தில் தயிர் போன்ற வெள்ளை நுரை இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலக்கிறது. சூடான பின் கொம்பிறஷன் (சிலிண்டருக்குள் எழும் அமுக்கம்) பார்த்தால் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒயில் அமுக்கமானி பூட்டிப் பார்க்க முடிந்தால், சூட்டில் ஓடும்போது 60 பீ.எஸ்.ஐ. அளவிலும் ஐட்லிங்கில் 15க்குக் குறையாமலும் இருப்பது ஆரோக்கியம். 948இன் எஞ்சின் இலக்கம் 9 எம். என்றும், 1098இன் இலக்கம் 10 எம்.ஏ. என்றும் தொடங்குவது வழக்கம். வேறு எழுத்து இருந்தால் வேறு காரின் எஞ்சினாக இருக்கலாம். அது ஓட்டத்துக்குக் குறை அல்ல, ஆனால் பதிவுப் புத்தகத்தில் மாற்றம் ஏறியிருக்க வேண்டும். ஈயமில்லாத பெற்றோலுக்கு உறுதியான வால்வு இருக்கை போட்டார்களா என்றும் கேளுங்கள். போடாவிட்டால் வால்வு மெல்ல உள்ளே இறங்கி இடைவெளி ஒடுங்கும். குளிர்ந்த நிலையில் அது 0.012 அங்குலம் இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தக் கார்கள் தொழிற்சாலையில் பற்றரியின் நேர்முனையை உடலுக்கு இணைத்து வந்தவை. பிறகு பலர் மாற்றியிருக்கிறார்கள். எந்த முனை உடலில் பூட்டியிருக்கிறது என்று பார்த்து, பொனற்றுக்கு உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் இன்னொரு வாகனத்திலிருந்து வயர் கொடுக்கும்போது அந்தச் சீட்டு ஒரு கராஜ் செலவைத் தடுக்கும்.

ஓட்டிப் பார்க்க உவர்மலை ஏற்றம் நல்ல இடம். இரண்டாம் கியரில் ஏறுங்கள். கிளச் வழுக்கினால் எஞ்சின் சத்தம் கூடும், வேகம் கூடாது. இறங்கும்போது மூன்றாம் கியரில் போட்டு, காலை அக்ஸிலேற்றரிலிருந்து எடுத்துவிடுங்கள். கியர் தானாக நடுநிலைக்குக் குதித்தால் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். முதலாம் கியர் 'கிறீச்' என்பது குறை அல்ல, கியர்ப் பற்களை மோதாமல் சேர்க்கும் இணக்கிப் பல் அதில் கிடையாது. கார் முழுதாக நின்ற பிறகே முதலாவது போட வேண்டும். பிறகு நிலாவெளி வீதியில் மணிக்கு 60, 70 கிலோமீற்றரில் பத்து நிமிடம் விடுங்கள். முன்கண்ணாடிச் சட்டம் இலேசாக நடுங்குவது இந்தக் காரின் இயல்பு. கதவு பூட்டுக்குள் ஏறி இறங்கி முனகினால் சில் சட்டத்தைத் திரும்பிப் போய்ப் பாருங்கள். ரயர் புதிதாகத் தெரிந்தாலும் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தை வாசியுங்கள். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருடம்.

ஹூட், அதாவது மடக்கும் துணிக்கூரை பற்றி: துணி கிழிந்திருந்தால் தைக்கலாம். மடக்கும் இரும்புக் கைகள் வளைந்திருந்தால்தான் தலைவலி. ஒருவரே மூடித் திறக்க முடிய வேண்டும். மூடிய பின் முன்கண்ணாடிக்கு மேலே தண்ணீர்க் குழாயால் ஐந்து நிமிடம் அடியுங்கள். மழைக்காலத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கதவுக் கண்ணாடியின் பின்மூலையில் சில துளி வருவதைப் பொறுக்கலாம். ஹூட்டின் முன்விளிம்பில் ஒழுகினால் அது நேரே தளத்துக்கு இறங்கிச் சில் சட்டத்தை உக்க வைக்கும். பின்பக்கத்துப் பிளாஸ்ரிக் கண்ணாடி கச்சான் காலத்து வெயிலில் மஞ்சளாகி மொரமொரப்பாகும். குளிர்ந்த விடியற்காலையில் அதை மடக்கினால் கீறும், வெயிலில் கொஞ்சம் இளகவிட்டு மடக்குங்கள்.

பதிவுப் புத்தகத்தில் சசி இலக்கம், எஞ்சின் இலக்கம், உடல் வகை, நிறம் நான்கும் காரோடு ஒத்துப்போக வேண்டும். உடல் வகை மூடிய கார் என்று இருந்து, கண்முன்னே திறந்த கார் நின்றால், பணம் கொடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்துவது விற்பவரின் பொறுப்பு. ஆங்கில எழுத்து இலக்கமோ, ஸ்ரீ இலக்கமோ, தகடு பழையது என்பதற்காகத் தனி விலை கேட்பார்கள். அது உங்கள் விருப்பம். பதிவு உரிமையாளர் வேறொருவர், கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் மட்டும் இருக்கிறது என்ற 'ஓப்பன் பேப்பர்' வியாபாரத்துக்குப் போக வேண்டாம். வருமான உத்தரவுப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றையும் அன்றைக்கே பாருங்கள்.

சாமான் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். எஞ்சின், பிறேக் சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். மைனரின் உடல் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு. தகரம் அடிக்கத் தெரிந்த கை இந்த நாட்டில் இருக்கிறது. திறந்த காருக்கே உரிய ஹூட் சட்டமும் பின் சீற்றுக்குப் பக்கத்துக் கண்ணாடியும்தான் அரிது. இவை குறைந்த காரை வாங்கிவிட்டுப் பிறகு தேடலாம் என்று நினைக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள். எஞ்சினுக்கு 20டபிள்யூ-50, வடிகட்டியோடு நான்கு லீற்றர்க் கலன் ஒன்று போதும், ஆழக் கம்பியைப் பார்த்து ஊற்றுங்கள். கியர்பெட்டிக்கும் எஞ்சின் ஒயில்தான். பின் அச்சுக்கு ஈ.பி. 90. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே எங்கள் ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. எஸ்.யூ. காபறேற்றரின் மேல்மூடியைத் திருகி, உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றியிருந்தால் அக்ஸிலேற்றரை மிதிக்கும்போது கார் தடுக்கும்.

சுழல்முனைகளுக்கு 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும். குறைய ஓடினாலும் மூன்று மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். சில்லைத் தூக்கிப் பாரம் எடுத்த பிறகே அடியுங்கள், அப்போதுதான் கிறீஸ் மரை முழுதும் போகும். பழைய கறுத்த கிறீஸ் வெளியே வந்து, புதியது நிறம் மாறாமல் தெரியும் வரை நிறுத்தாதீர்கள்.

சில் சட்டத்துக்குள் மெழுகு எண்ணெய் விசிற மழைக்கு முந்திய ஒரு வெயில் நாளைத் தெரிவு செய்யுங்கள். தகரம் சூடாக இருந்தால் அது மூட்டு இடுக்குகளுக்குள் ஓடும். கீழேயுள்ள வடிகால் துளைகளை முதலில் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், விசிறிய பின்னும் ஒருமுறை குத்துங்கள். கழிவு ஒயிலை அடியில் பூசும் பழக்கம் வேண்டாம், அது இறப்பர்களை ஊதவைக்கும். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உவராக இருந்தால் குழாய்த் தண்ணீர்தான் பாவிக்க வேண்டும், உப்பை உப்பால் கழுவ முடியாது. காரை மூடப் பிளாஸ்ரிக் விரிப்புப் பாவிக்காதீர்கள், உள்ளே வேர்க்கும். பருத்தித் துணி போதும். மழையில் நனைந்து வந்த நாளில் ஹூட்டை மூடியபடியே காயவிட்டு, கால் விரிப்புகளை எடுத்து வெளியே தொங்கவிட்டு, தளத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.